கணவனே மன்னனாக இருக்கும்போது: ராணி கேத்தரின் வழக்குக்குத் தயாரான விதம்

1529ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள். லண்டனில் தேம்ஸ் நதியோரம் இருந்த பிளாக்ஃபிரையர்ஸ் மடத்தின் பெரிய கூடம். போப்பாண்டவரின் பிரதிநிதிகளாக இரண்டு கர்தினால்கள் நீதிபதிகளின் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருபுறம் மன்னர் எட்டாம் ஹென்றி. மறுபுறம் அவருடன் இருபது ஆண்டுகள் வாழ்ந்த மனைவி, ராணி கேத்தரின். பெயர் சொல்லி அழைக்கப்பட்டதும் ராணி எழுகிறார். நீதிபதிகளை நோக்கி அவர் செல்லவில்லை. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு கூடத்தைக் கடந்து, கணவரின் காலடியில் மண்டியிடுகிறார். அங்கிருந்தபடியே பேசுகிறார். பேசி முடித்ததும் எழுந்து வணங்கிவிட்டு வெளியேறுகிறார். திரும்ப வரும்படி நீதிமன்றச் சேவகன் மூன்றுமுறை கூவி அழைக்கிறான். அவர் திரும்பவில்லை.

ஐரோப்பிய வரலாற்றில் மிகுதியும் வரையப்பட்ட, நடிக்கப்பட்ட காட்சிகளுள் இது ஒன்று. ஷேக்ஸ்பியரும் ஜான் ஃபிளெட்சரும் சேர்ந்து எழுதிய ‘எட்டாம் ஹென்றி’ நாடகத்தின் உச்சமும் இதுவே. விந்தை என்னவென்றால், ஷேக்ஸ்பியரின் குழு பிற்காலத்தில் பயன்படுத்திய பிளாக்ஃபிரையர்ஸ் அரங்கு, கலைக்கப்பட்ட அதே மடத்தின் கட்டடத் தொகுதிக்குள்தான் இருந்தது. நாடகமும் ஓவியமும் நம் மனத்தில் பதித்துவிட்ட சித்திரம் ஒன்றுண்டு: கைவிடப்பட்ட மனைவி ஒருத்தி, துயரம் தாளாமல், சபை என்றும் பாராமல் கணவனின் காலில் விழுந்து கதறுகிறாள் என்பது. அந்தத் துயரம் பொய்யல்ல. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் கடிதங்களையும் மனுக்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு கேத்தரின் தென்படுகிறார். அவர் அன்று செய்தது உணர்ச்சிவேகத்தில் நிகழ்ந்த செயல் அல்ல. நீண்ட, நிதானமான, சட்டத்தின் நுட்பம் அறிந்த ஒரு தயாரிப்பின் கடைசிப் படி அது.

ஒரு விளக்கம் தேவை. இவ்வழக்கை விவாகரத்து வழக்கு என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் இன்றைய பொருளிலான மணமுறிவு கிடையாது. முறையாக நடந்த திருமணத்தை மரணம் ஒன்றே பிரிக்க முடியும். ஆகவே பிரிய நினைப்பவர் முன் இருந்த ஒரே வழி, அந்தத் திருமணம் தொடக்கம் முதலே செல்லாதது என்று தீர்ப்புப் பெறுவது. இதன் விளைவு கொடியது. இன்று மணமுறிவு பெறும் பெண் நேற்றுவரை மனைவியாக இருந்தவள். கேத்தரின் வழக்கில் தோற்றால் அவர் ஒருநாளும் மனைவியாக இருந்ததில்லை என்றாகும். 1516இல் பிறந்த அவருடைய ஒரே மகள் மேரியின் பிறப்பே கேள்விக்குள்ளாகும். மன்னர் மனம் மாறிவிட்டார் என்பதை ஒருவேளை அவர் தாங்கிக்கொண்டிருக்கலாம். இருபது ஆண்டுக் காலம் மன்னரின் ஆசைநாயகியாக வாழ்ந்தேன் என்று கையொப்பமிட அவரால் இயலவில்லை.

வழக்கின் வேர் 1501இல் இருக்கிறது. அவ்வாண்டு நவம்பரில், ஸ்பெயின் அரச தம்பதியர் ஃபெர்டினாண்ட், இசபெல்லா ஆகியோரின் மகளான கேத்தரின், ஹென்றியின் அண்ணன் ஆர்தரை மணந்தார். மணமகனுக்கு வயது பதினைந்து. ஐந்து மாதங்கள் நிறைவதற்குள், 1502 ஏப்ரலில், ஆர்தர் இறந்துபோனார். விதவையை இளையவனுக்கு மணமுடிக்க இரு அரசுகளும் உடன்பட்டன. அண்ணன் மனைவியை மணப்பதற்குத் திருச்சபை விதித்திருந்த தடையை நீக்கிப் போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ் ஆணைப் பத்திரம் ஒன்றை வழங்கினார். 1509 ஜூனில் ஹென்றி கேத்தரினை மணந்தார். பல பேறுகள், பல இறப்புகள். 1511 புத்தாண்டு நாளில் பிறந்த ஆண் குழந்தையும் இரண்டு மாதங்கள்கூட வாழவில்லை. 1527 வாக்கில் ஹென்றிக்கு ஆண் வாரிசு இல்லை; ஆன் பொலினின் மீது தீராத மோகம் இருந்தது; கூடவே விவிலியத்தின் லேவியராகமத்தில், சகோதரன் மனைவியைச் சேர்பவனுக்குச் சந்ததி இராது என்று சொல்லும் ஒரு வாக்கியமும் கண்ணில் பட்டிருந்தது.

எதிர்வாதமும் விவிலியத்திலேயே உண்டு. சந்ததியின்றி இறந்த சகோதரனின் விதவையை மணந்துகொள்ளும்படி உபாகமம் கட்டளையிடுகிறது. ஆனால் கேத்தரின் தன் வாதத்தை வேதவாக்கியங்களின் மோதலில் நிறுத்தவில்லை. ஆர்தருக்கும் தனக்கும் உடலுறவு நிகழவே இல்லை என்றார் அவர். உறவு நிகழவில்லையெனில் லேவியராகமத்தின் தடை எழுவதற்கே இடமில்லை.

இந்த உண்மையிலும் ஒரு கண்ணி இருந்தது. திருச்சபைச் சட்டத்தில் இரண்டு தடைகள் உண்டு. உடலுறவால் உருவாகும் உறவுமுறைத் தடை ஒன்று. ஊரறியச் செய்துகொண்ட மண ஒப்பந்தத்தாலேயே உருவாகும் பொதுமரியாதைத் தடை மற்றொன்று. ஜூலியஸின் பத்திரம் முதலாவதை வெளிப்படையாக நீக்கியது. இரண்டாவதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அப்படியானால் கேத்தரின் கன்னியாகவே இருந்தார் என்று ஒப்புக்கொண்டு, அதையே வைத்து அவருடைய இரண்டாம் திருமணத்தை வீழ்த்தலாம் அல்லவா? மன்னரின் தலைமை அமைச்சரான கர்தினால் வோல்சியின் கூர்மதி இந்த வழியை 1527லேயே கண்டுகொண்டது. மன்னர் லேவியராகமத்தைவிட்டு அசைய மறுத்ததால் அது முழுமூச்சாகப் பின்பற்றப்படவில்லை. உண்மையைச் சொல்வதே ஆபத்தாகக்கூடிய களம் அது என்பதை மட்டும் நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

1527 மே 17 அன்று வோல்சி தன் இல்லத்தில் ரகசிய நீதிமன்றம் ஒன்றைக் கூட்டினார். மன்னர் பிரதிவாதியாக நின்றார். கேத்தரினுக்கு அழைப்பு இல்லை, தகவலும் இல்லை. அவருக்குத் தெரியாமலேயே அவருடைய திருமணத்தை முடித்துவிடுவது திட்டம். செய்தியோ ஓரிரு நாட்களுக்குள் ஸ்பெயின் தூதரை எட்டிவிட்டது. ஜூன் 22 அன்று ஹென்றி நேரில் வந்து, நாம் இதுவரை பாவத்தில் வாழ்ந்தோம், பிரிந்துவிட வேண்டும் என்றபோது கேத்தரின் அழுதார் என்கிறார்கள். அழுகை ஒருபுறம் இருக்க, அடுத்த சில வாரங்களில் அவர் செய்த காரியம் கவனத்துக்குரியது.

பிரான்சிஸ்கோ ஃபெலிபெஸ் என்பவர் அவருடைய நெடுநாள் பணியாளர். ஸ்பெயினில் தாய் நோயுற்றிருப்பதாகவும், போய்வர ராணி அனுமதி மறுப்பதாகவும் ஃபெலிபெஸ் மன்னரிடம் முறையிட்டார். ராணியும் அவரை அனுப்பக்கூடாது என்று மன்னரிடம் பிடிவாதமாகச் சொன்னார். இருவரும் சேர்ந்து நடித்தார்கள். ஹென்றி அதைப் புரிந்துகொண்டு தானும் நடித்தார். அனுமதி கொடுத்துவிட்டு, பிரான்சில் வழிமறித்துப் பிடிக்க ஏற்பாடு செய்தார். ஃபெலிபெஸ் அதிலும் தப்பி, ஜூலை இறுதிக்குள் பேரரசர் ஐந்தாம் சார்லஸைச் சந்தித்துவிட்டார். சார்லஸ் கேத்தரினின் அக்காள் மகன். அவருடைய படைகள் அவ்வாண்டு மே மாதம்தான் ரோமைச் சூறையாடியிருந்தன; போப்பாண்டவர் ஏழாம் கிளமெண்ட் அப்போது அவர்களின் பிடியில் இருந்தார். கேத்தரின் கேட்டனுப்பியவற்றுள் முக்கியமானது ஒன்று: வழக்கு இங்கிலாந்தில் நடக்கக்கூடாது, ரோமுக்கு மாற்றப்பட வேண்டும். வழக்கின் முதல் அசைவிலேயே அவர் பற்றிக்கொண்டது, யார் விசாரிப்பது என்ற கேள்வியை. இறுதிவரை அதை விடவேயில்லை. அவர் அரசியல் அறியாதவர் அல்லர். 1507இல் தந்தையின் தூதராக ஆங்கில அரசவையில் பணியாற்றியவர். 1513இல் ஹென்றி பிரான்சில் போரிட்டபோது நாட்டை ஆண்டவர்.

வழக்கறிஞர் விஷயத்துக்கு வருவோம். ராணிக்குச் சட்ட ஆலோசகர்களை மன்னரே பெருந்தன்மையுடன் நியமித்தார். காண்டர்பரி பேராயர் வில்லியம் வார்ஹம், லண்டன் ஆயர் கத்பர்ட் டன்ஸ்டல், ரோசெஸ்டர் ஆயர் ஜான் ஃபிஷர் முதலிய பெரிய பெயர்கள் அதில் இருந்தன. ஆனால் வார்ஹம் ஏற்கெனவே வோல்சியின் ரகசிய நீதிமன்றத்தில் உடன் அமர்ந்தவர். டன்ஸ்டல் விசாரணைக் காலத்திலேயே தூதுப்பணிக்கென வெளிநாடு அனுப்பப்பட்டார். ஸ்பெயின் அறிஞர் ஹுவான் லூயிஸ் விவேஸும் அழைக்கப்பட்டார்; பெண்களின் கல்வி பற்றிய தமது நூலைக் கேத்தரினுக்கே சமர்ப்பித்தவர் அவர். முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட விசாரணையில் வாதாடாமல் இருப்பதே மேல் என்று அவர் அறிவுரை சொன்னார். ராணிக்குக் கோபம் வந்தது. அவர் அளித்துவந்த உதவித்தொகை நின்றுபோனது. மௌனமாக இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ராணி அஞ்சியிருக்கவேண்டும். கடைசிவரை அசையாமல் நின்றவர்களுள் ஃபிஷர் முதன்மையானவர். மற்றவர்கள் மன்னரின் குடிமக்கள். பதவி, நிலம், உயிர் மூன்றும் எதிர்க்கட்சிக்காரர் கையில் இருக்க, ஒருவர் எவ்வளவுதான் வாதாட முடியும்?

அடுத்தது ஆவணம். ஜூலியஸின் பத்திரத்தில் குறைகள் இருப்பதாக மன்னர் தரப்பு வாதித்தது. இரு நாடுகளின் சமாதானத்தைக் காப்பது என்று அதில் சொல்லப்பட்ட காரணம் போதாது என்பது அவற்றுள் ஒன்று. இந்நிலையில் 1528இல் ஸ்பெயினிலிருந்து ஒரு நகல் வந்துசேர்ந்தது. அதே நாளிட்ட, அதே போப்பாண்டவரின் இன்னொரு ஆணைக் கடிதம். சமாதானத்தோடு வேறு காரணங்களும் உண்டு என்று அதில் சேர்த்திருந்தது. பத்திரத்தின் ஓட்டை அடைபட்டது. கேத்தரின் அதைத் தக்க தருணம் வரை வெளியிடாமல் வைத்திருந்து எடுத்துக்காட்டியபோது வோல்சி தரப்பு திகைத்தது. போலி என்றார்கள். மூலத்தை இங்கிலாந்துக்கு அனுப்பும்படி சார்லஸுக்குக் கடிதம் எழுத ராணியை நிர்ப்பந்தித்தார்கள். மூலம் இங்கே வந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. ராணி எழுதினார். கடிதத்தைச் சுமந்து சென்றவர் அவருடைய சிற்றாலயக் குரு தாமஸ் ஏபல். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, இது வற்புறுத்தலின்பேரில் எழுதப்பட்டது, மூலத்தை எக்காரணம் கொண்டும் அனுப்பவேண்டாம் என்ற செய்தியையும் ஏபல் சேர்ப்பித்தார். மூலம் ஸ்பெயினிலேயே தங்கியது. பின்னாளில் லண்டன் கோபுரத்தில் சிறையிருந்த ஏபல், தன் பெயரை ஆங்கில எழுத்து ஒன்றும் ஆலய மணி ஒன்றுமாகச் சுவரில் செதுக்கிவைத்தார். அது இன்றும் இருக்கிறது. 1540இல் அவர் கொல்லப்பட்டார்.

1528 அக்டோபரில் ரோமிலிருந்து கர்தினால் காம்பெஜியோ வந்தார். வோல்சியுடன் சேர்ந்து விசாரிக்க அனுப்பப்பட்ட நீதிபதி. கீல்வாதத்தால் நடக்க முடியாதவர். இயன்றவரை தாமதப்படுத்துவதே போப்பாண்டவர் அவருக்கு இட்ட பணி. எல்லாருக்கும் வசதியான தீர்வு ஒன்றை அவர் முன்வைத்தார்: ராணி துறவு பூண்டு மடத்தில் சேர்ந்துவிடட்டும். கேத்தரின் மறுத்தார். அதன்பின் காம்பெஜியோவிடம் பாவமன்னிப்புச் சடங்கில் தன் அறிக்கையைச் சொன்னார். ஆர்தருடன் ஒரே படுக்கையில் உறங்கியது ஏழு இரவுகளுக்கு மேல் இல்லை. தாயின் வயிற்றிலிருந்து வந்தவாறே அவரைப் பிரிந்தேன் என்பது சாரம். பாவமன்னிப்பு ரகசியத்தைக் குரு எக்காலத்திலும் வெளியிடக்கூடாது. கேத்தரினோ அதை வெளியிட அவருக்கு அனுமதி தந்தார். ஒரு கத்தோலிக்கர் பாவமன்னிப்பில் பொய் சொன்னால் ஆன்மாவை இழப்பார். அந்தப் பணயத்தோடு சொன்ன சொல், சட்டத்தின் கண்ணில் சாட்சியம் ஆகாவிட்டாலும், விசாரிக்கப்போகும் நீதிபதியின் மனச்சாட்சியில் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

வழக்குரை காதையை அறிந்த நமக்கு இங்கே ஒரு வேறுபாடு புலப்படும். கண்ணகியின் கையில் உடைத்துக் காட்ட ஒரு சிலம்பு இருந்தது. கேத்தரினின் சான்று உடைத்துக் காட்டக்கூடியது அல்ல. ஒரு சிறுவன் இறந்து இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, ஒரு படுக்கையறையில் என்ன நிகழவில்லை என்று அவர் நிறுவவேண்டியிருந்தது.

1529 மே 31 அன்று பிளாக்ஃபிரையர்ஸில் நீதிமன்றம் முறைப்படி தொடங்கியது. ஜூன் 18 அன்று வரும்படி இருவருக்கும் அழைப்பாணை. அதற்கு இரண்டு நாள் முன்பே, ஜூன் 16இல், நோட்டரிகள் முன்னிலையில் கேத்தரின் ரோமுக்கு மேல்முறையீட்டை எழுத்தில் பதிவுசெய்துவிட்டார். 18ஆம் தேதி மன்னர் தன் பிரதிநிதிகளை அனுப்பியிருந்தார். ராணியும் அவ்வாறே செய்வார் என்று எதிர்பார்த்திருக்க, அவர் நேரில் வந்து நின்றார். இந்த நீதிபதிகளுக்கு இவ்வழக்கை விசாரிக்கும் தகுதி இல்லை என்ற ஆட்சேபணையை அளித்துவிட்டுச் சென்றார். 21ஆம் தேதி நீதிபதிகள் அந்த ஆட்சேபணையை நிராகரித்தார்கள். அதன் பிறகே அவர் எழுந்து கணவரை நோக்கி நடந்தார்.

அன்றைய பேச்சு நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஜார்ஜ் கேவன்டிஷ் வழியாக. வோல்சியின் அணுக்கப் பணியாளராக இருந்தவர். பல்லாண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதியவர். சொற்கள் அப்படியே இருக்குமா என்ற ஐயம் நியாயமானது. பேச்சின் கட்டமைப்பு மட்டும் முந்தைய மனுக்களோடு பொருந்துகிறது. நான் அந்நிய நாட்டவள். இங்கே எனக்குச் சார்பற்ற ஆலோசகர் இல்லை. எனக்கென்று நியமிக்கப்பட்டவர்கள் உங்கள் குடிமக்கள், உங்கள் விருப்பத்துக்கு மாறாகப் பேச அஞ்சுவார்கள் என்றார். இது விண்ணப்பத்தின் குரலில் சொல்லப்பட்ட அதிகார வரம்பு ஆட்சேபணை. நீங்கள் என்னை ஏற்றபோது நான் கன்னியாக இருந்தேன். அது மெய்யா பொய்யா என்பதை உங்கள் மனச்சாட்சிக்கே விடுகிறேன் என்றார். உயிரோடிருந்த ஒரே சாட்சியைக் கூண்டில் ஏற்றும் குறுக்கு விசாரணை இது. ஸ்பெயினில் உள்ள என் சுற்றத்தாரின் ஆலோசனையைப் பெறும்வரை பொறுத்திருங்கள் என்றார். இது அவகாச மனு. மண்டியிட்ட நிலையில் ஒருவர் மூன்று மனுக்களையும் ஒருசேரத் தாக்கல் செய்துவிட்டார். மன்னர் இருமுறை அவரைத் தூக்கி நிறுத்த முயன்றதாகச் சொல்கிறார்கள். மனச்சாட்சிக்கு விட்ட கேள்விக்கு மன்னர் பதில் சொன்னதாகக் கேவன்டிஷ் எழுதவில்லை. ராணி வெளியேறிய பிறகு அவருடைய நற்குணங்களைப் புகழ்ந்து பேசியதாகவே எழுதுகிறார்.

கணவரின் காலடியைத் தேர்ந்ததிலும் பொருள் இருக்கிறது. நீதிபதிகளிடம் வாதாடினால் அவர்களின் அதிகாரத்தை ஏற்றதாகும். பேசாமல் போனால் சொல்ல ஏதுமில்லை என்றாகும். மனைவி கணவனிடம் பேசுவதை எந்தச் சட்டமும் வாதமாகக் கொள்ளாது. ஆனால் சபை முழுவதும் அதைக் கேட்கும்.

கட்டளையை மதிக்காதவர் என்று அறிவித்துவிட்டு, அவர் இல்லாமலேயே விசாரணை தொடர்ந்தது. முதிய பிரபுக்கள் வந்து, தாங்கள் அந்த வயதில் எப்படியிருந்தோம் என்பதைக் கொண்டு ஆர்தரின் ஆண்மையைச் சான்றளித்தார்கள். மணநாளின் மறுநாள் காலை, இரவு ஸ்பெயினில் இருந்துவந்தேன் என்ற பொருள்பட ஆர்தர் ஏல் மது கேட்டு வேடிக்கையாகச் சொன்னது சாட்சியமாகப் பதிவாயிற்று. பதினைந்து வயதுச் சிறுவனின் வீம்புப் பேச்சு, ஒரு பெண்ணின் பாவமன்னிப்பு வாக்குமூலத்துக்கு எதிராக நிறுத்தப்பட்டது. ஜூன் 28 அன்று ஃபிஷர் எழுந்து, திருமணத்தின் புனிதத்துக்காகத் திருமுழுக்கு யோவானைப் போல் உயிர்விடவும் சித்தம் என்றார். ஜூலை இறுதியில், ரோமின் நீதிமன்ற விடுமுறைக் காலத்தைக் காரணம் காட்டி, காம்பெஜியோ தீர்ப்பளிக்காமலேயே ஒத்திவைத்தார். அம்மாதமே போப்பாண்டவர் வழக்கை ரோமுக்கு மாற்றிவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஃபெலிபெஸ் சுமந்து சென்ற கோரிக்கை நிறைவேறியது. அந்த நீதிமன்றம் மறுபடி கூடவேயில்லை.

இதை வெற்றி என்று சொல்லலாமா? 1531இல் ஹென்றி அவரை வின்ட்சரில் விட்டுவிட்டுப் போனார், பிறகு சந்திக்கவேயில்லை. மகளைப் பார்க்கவும் அனுமதிக்கவில்லை. 1533இல் ரோமுக்கு மேல்முறையீடு செய்வதையே தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. ராணி எந்தக் கதவின்வழி தப்பினாரோ, அந்தக் கதவையே நாட்டுக்கு அடைத்தார்கள். அவ்வாண்டு மே மாதம் புதிய பேராயர் தாமஸ் கிரான்மர் டன்ஸ்டபிளில் நீதிமன்றம் கூட்டித் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். கேத்தரின் சில மைல் தொலைவில், ஆம்ப்ட்ஹிலில்தான் இருந்தார். இம்முறை அவர் போகவேயில்லை. 1534 மார்ச்சில் ரோம், திருமணம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. கேட்ட தீர்ப்பு, கேட்ட இடத்திலிருந்து கிடைத்தது. அதை நிறைவேற்றத்தான் எவரும் இல்லை. 1535இல் ஃபிஷரின் தலை வெட்டப்பட்டது. மடத்துக்குப் போயிருந்தால் இந்த உயிர்கள் பிழைத்திருக்கலாம் என்று கேத்தரினைக் குறை சொல்வாரும் உண்டு. அந்தக் கணக்கில் கொன்றவரைவிட மறுத்தவரின் பங்கைப் பெரிதாக்கும் ஒரு கோணல் இருக்கிறது.

இன்று குடும்பநல நீதிமன்றத்துக்குச் செல்பவரிடம் வழக்கறிஞர் சொல்லும் தயாரிப்புகள் எவையோ, அவை யாவற்றையும் கேத்தரின் செய்தார்: ஆவணத்தைப் பத்திரப்படுத்தினார், சாட்சியத்தை முன்கூட்டியே பதிவு செய்தார், ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்தார், கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அவருக்குக் கிடைக்காதது ஒன்றே: எதிர்க்கட்சிக்காரரின் கைக்கு எட்டாத நீதிபதி. தயாரிப்பு எத்தனை முழுமையாக இருந்தாலும் அந்த ஒன்றை ஈடுசெய்யாது என்பதை அவருடைய வழக்கைவிடத் துலக்கமாக வேறொன்று காட்டும் என்று தோன்றவில்லை. எனினும் அத்தயாரிப்பு வீணாகவில்லை. அது இல்லாதிருந்தால் ரகசிய நீதிமன்றத்தின் ஒருதரப்புத் தீர்ப்பு மட்டுமே நமக்கு மிஞ்சியிருக்கும்.

1536 ஜனவரி 7 அன்று கிம்போல்டன் கோட்டையில் கேத்தரின் காலமானார். ஆர்தரின் விதவைக்குரிய பட்டத்தோடு, வேல்ஸ் இளவரசி என்றே பீட்டர்பரோவில் அடக்கம் செய்தார்கள். இறந்த பிறகும் எதிர்த்தரப்பின் வாதமே அவர் மீது எழுதப்பட்டது. இன்று அதே ஆலயத்தில் அவருடைய கல்லறைக்கு மேலே பொன்னிற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ‘இங்கிலாந்தின் ராணி கேத்தரின்’ என்பது அவற்றின் பொருள்.